கரகம் ஏன் விழுவதில்லை: கரகாட்டக் கலைஞரின் உடல் சமநிலை

கோயில் கொடையில் விடியவிடியக் கரகாட்டம் பார்த்துத் திரும்பிய கல்லூரி மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். கையால் பிடிக்காமல் தலையில் வைத்த கரகம் அத்தனை ஆட்டத்திலும் விழாமல் நிற்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கும் திறமா, பயிற்சியா? அந்தக் கலைஞர்களின் உடல் சமநிலை மற்றவர்களுடையதைவிட எல்லா வகையிலும் மேலானது என்று சொல்லலாமா? இந்த ஆட்டத்தை வயதானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் தடுமாறி விழுவது குறையுமா? நாட்டுப்புறக் கலைஞர்களின் கழுத்துவலி, மூட்டுவலிகளோடு புழங்குகிற இயன்முறை மருத்துவர் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். மூன்று கேள்விகளும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன.

முதல் கேள்விக்குப் பயிற்சி என்பதே பதில். ஆனால் எதைப் பயிற்றுகிறார்கள் என்பதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. உடலை அசையாமல் விறைப்பாக வைத்துக்கொள்வதால்தான் கரகம் நிற்கிறது என்று எண்ணுகிறோம். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது கலைஞரின் காலையும் இடுப்பையும் விட்டுவிட்டு, கரகத்தின் உச்சியில் இருக்கும் கிளியின் மேல் மட்டும் கண்ணை வையுங்கள். கிளிக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பமோ கோயில் சுவரின் விளிம்போ தெரியும்படி நின்றுகொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். கீழே பாதங்கள் தரையை அறைகின்றன. முழங்கால்கள் மடங்கி நிமிர்கின்றன. இடுப்பு தவிலின் அடிக்கு அடி வெட்டிப் போகிறது. தோள்கள் எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. இவ்வளவுக்கும் மேலே கிளி ஒரே மட்டத்தில் மெல்ல மிதந்து போவதுபோல் நகரும். கோழியைக் கையில் பிடித்து அதன் உடலை இப்படியும் அப்படியும் ஆட்டினால் அதன் தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்குமே, கரகாட்டத்தில் நடப்பது அதுதான். தலையை ஆடாமல் நிலைநிறுத்திவிட்டு, தலைக்குக் கீழே உள்ள ஒவ்வொரு மூட்டையும் விட்டுக்கொடுக்கப் பழக்குவதே இந்தக் கலையின் அடிப்படைப் பயிற்சி. விறைத்த உடலில் பாதத்தில் விழும் அதிர்ச்சி அப்படியே தலைக்கு ஏறிவிடும். கரகம் இரண்டாவது அடியிலேயே கீழே கிடக்கும்.

முதலில் கரகத்தையே பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதன் அமைப்பிலேயே பாதி இயற்பியல் அடங்கியிருக்கிறது. ஆட்டக் கரகத்துக்குப் பித்தளை அல்லது செம்பால் ஆன சிறு குடத்தை எடுத்து, அதன் அடிப்பாகத்தை உட்புறமாகத் தட்டி, உச்சந்தலையில் படிந்து உட்காரும்படி செய்கிறார்கள். உள்ளே அரிசியோ மணலோ இட்டு எடை கூட்டுகிறார்கள். மேலே பூவாலும் வண்ணத்தாளாலும் கூம்பாக அலங்காரம் எழும்பும், உச்சியில் கிளி. எடை சில கிலோ வரும். அலங்காரம் எவ்வளவு உயர்ந்தாலும் அது எடை குறைந்தது. எடையெல்லாம் அடியில் கிடக்கிறது. இதனால் கரகத்தின் ஈர்ப்பு மையம் தாழ்ந்துபோகிறது. அடிவட்டத்தின் ஆரம் 5 செ.மீ. என்றும், ஈர்ப்பு மையம் அதற்கு மேலே 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், கரகம் ஏறத்தாழ 18 பாகை சாய்ந்த பிறகுதான் தானாகக் கவிழும். அதே ஈர்ப்பு மையம் 25 செ.மீ. உயரத்துக்குப் போனால் அந்த எல்லை 11 பாகையாகச் சுருங்கிவிடும். அடியில் அரிசி நிரப்புவது எளிய செயல்தான், ஆனால் கலைஞருக்கு அது 7 பாகை வரை கூடுதல் இடம் கொடுக்கிறது. எடை கூடுவதால் தலைக்கும் செம்புக்கும் இடையிலான உராய்வும் கூடுகிறது, சிறு அசைவுகளுக்குக் கரகம் எளிதில் நகர்ந்து கொடுப்பதும் இல்லை. தண்ணீரை நிரப்பினால் எடை கூடும், ஆனால் தண்ணீர் தளும்பும். சிறிய குடத்துக்குள் தண்ணீர் தளும்பும் வேகம் நொடிக்கு இரண்டு, இரண்டரை முறை என்ற அளவில் இருக்கும்; அது ஏறத்தாழ விரைந்த நடையின் அடி வேகம். இரண்டும் ஒத்துப்போனால் ஒவ்வோர் அடிக்கும் தளும்பல் வளரும். நீர் நிறைந்த சக்திக் கரகத்தைச் சாமியாடி எடுத்துவரும் வழிபாட்டுக்கும், அரிசி நிரப்பிய ஆட்டக் கரகத்தை வைத்து நையாண்டி மேளத்துக்கு விரைந்து ஆடும் கலைக்கும் உள்ள வேறுபாடு சடங்கு சார்ந்தது மட்டும் அன்று என்பது என் கருத்து.

சாய்வு ஒருபுறம் இருக்க, கரகத்தைக் கவிழ்ப்பதில் பக்கவாட்டு முடுக்கத்துக்கும் அதே அளவு பங்குண்டு. மேலே சொன்ன 5க்கு 15 என்ற அளவுகளில், தலை பக்கவாட்டில் நொடிக்கு நொடி 3.3 மீட்டருக்கு மேல் முடுக்கம் பெற்றால் கரகம் கவிழத் தொடங்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நகர்ந்து வரும் ஒருவர் ஐந்தில் ஒரு நொடிக்குள் சட்டென நின்றால் முடுக்கம் 5ஐத் தொட்டுவிடும். அதே நிறுத்தத்தை அரை நொடிக்குப் பரப்பினால் 2தான். ஆகவே பாதம் சட்டென நிற்கலாம். தலை சட்டென நிற்கக் கூடாது. பாதம் நின்ற பிறகும் இடுப்பும் மார்பும் சிறிது தூரம் தொடர்ந்து போய்த் தணிவதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். நாம் நளினம் என்று ரசிக்கும் அந்த இழைவு இயற்பியல் கணக்கில் தவிர்க்க முடியாத தேவை. உயரத் துள்ளும் அசைவுகளிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. இரு கால்களும் தரையைவிட்டு எழும்பும் நேரத்தில் கரகம் தலையை அழுத்துவது குறைந்து, உராய்வின் பிடி நழுவுகிறது. ஆகவே தேர்ந்த கலைஞர் துள்ளுவதுபோல் தோன்றும் பல அடிகளில் உண்மையில் முழங்காலை மடக்கி நிமிர்த்துவது மட்டுமே நிகழ்கிறது; உச்சந்தலையின் உயரம் அதிகம் மாறுவதில்லை.

இனி உடலுக்கு வருவோம். நிற்பது என்பது ஓய்வு அன்று. கணுக்காலைச் சுற்றி முன்னும் பின்னும் சாய்ந்துகொண்டே இருக்கும் உடலைத் தசைகள் இடைவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன. அமைதியாக நிற்பவரை, பாதம் தரையை அழுத்தும் விசையை அளக்கும் விசைத் தட்டின் மேல் நிறுத்தினால், பாதத்தின் கீழே அழுத்த மையம் (எடை அழுந்தும் புள்ளி) ஓயாமல் அலைவதைக் காணலாம். அலைவு சிறிதாக இருக்கும்போது கணுக்கால் தசைகளே போதும். அலைவு பெரிதானாலோ, நிற்கும் இடம் குறுகலானாலோ, இடுப்பை எதிர்ப்பக்கம் வெட்டிச் சமன் செய்கிறோம். அதுவும் போதாதபோது ஓர் அடி எடுத்து வைக்கிறோம். கணுக்கால், இடுப்பு, அடி என்ற இந்த மூன்று வழிகளுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு விரைவாக, எவ்வளவு அளவோடு மாறுகிறோம் என்பதில்தான் நல்ல சமநிலையும் மோசமான சமநிலையும் பிரிகின்றன.

50 கிலோ எடையும் 155 செ.மீ. உயரமும் உள்ள ஒருவர் மூன்றரைக் கிலோ கரகத்தைத் தலையில் ஏற்றினால் எடை 7 விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் அந்த எடை உடலின் உச்சியில் இருப்பதால் மொத்த ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 6 செ.மீ. மேலே போகிறது, கணுக்காலைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறனோ (உடல் சுழன்று சாய்வதை எதிர்க்கும் அளவு) கால்பங்குக்கு அருகில் கூடிவிடுகிறது. இதன் விளைவு முதல் பார்வைக்கு எதிர்பாராதது. கரகத்தோடு இருக்கும் உடல் சாயத் தொடங்கும் வேகம் மிகச் சிறிதளவு குறைகிறது. சாய்ந்துவிட்டால் மீட்டு இழுக்க வேண்டிய விசையோ கூடுகிறது. எனவே கலைஞர் சாய்வு பெரிதாகும்வரை காத்திருக்க முடியாது. தொடங்கும்போதே பிடித்துவிட வேண்டும். அவ்வளவு சிறிய சாய்வை உணர்வதற்குப் புலன்கள் கூர்மையாக வேண்டும்.

சமநிலைக்கு மூன்று புலன்வழிகள் உண்டு: கண், உட்செவி, உடலுணர்வு. உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியையும், அவற்றுக்கு அருகிலுள்ள இரண்டு பைகள் சாய்வையும் நேர்கோட்டு முடுக்கத்தையும் அறிகின்றன. உடலுணர்வு என்பது உள்ளங்கால் தோலின் அழுத்த உணரிகள், தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நீட்சி உணரிகள் ஆகியவற்றிலிருந்து வருவது. வெளிச்சமுள்ள இடத்தில் உறுதியான தரையில் நிற்கும் நலமான ஒருவர் ஏறத்தாழ 70 விழுக்காடு உடலுணர்வையும், 20 விழுக்காடு உட்செவியையும், 10 விழுக்காடு கண்ணையும் நம்புகிறார் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகத் தரும் கணக்கு. தரை ஆட்டம் கண்டால் இந்தப் பங்கீடு மாறி, உட்செவியும் கண்ணும் முன்னுக்கு வரும். பாதங்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொல்லிப் பார்க்கும் சோதனையை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ரோம்பெர்க் விவரித்தார். முதுகுத்தண்டில் உடலுணர்வுப் பாதை கெட்டவர்கள் கண் திறந்திருக்கும்வரை சமாளித்து நிற்பார்கள், மூடியதும் தள்ளாடுவார்கள். இன்றும் என் அறைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நான் செய்யும் முதல் சோதனை இதுதான்.

கரகாட்டக் கலைஞருக்கு இந்த மூன்றோடு நான்காவதாகவும் ஒரு செய்தி கிடைக்கிறது என்று கருதுகிறேன். உச்சந்தலையில் படிந்திருக்கும் செம்பின் விளிம்பு, தலை சாயும் பக்கத்தில் சற்றே கூடுதலாக அழுத்தும். தோல் இத்தகைய சிறு அழுத்த மாற்றங்களை நன்றாகவே உணரும். விரல் நுனியால் ஒரு நிலையான பொருளை ஒரு நியூட்டனுக்கும் குறைவான விசையில் தொட்டுக்கொண்டு நின்றாலே உடல் அலைவு குறிப்பிடத்தக்க அளவில் குறைகிறது என்று 1990களில் ஆய்வுகள் காட்டின; அவ்வளவு மெல்லிய தொடுகை உடலைத் தாங்குவதில்லை, தகவல் தருகிறது, அவ்வளவே. கரகம் நிலையான பொருள் அன்று என்பது உண்மை. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை அது தலையிலேயே சொல்லிவிடுகிறது. கலைஞர்களைக் கேட்டால் கரகம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது தலைக்கே தெரியும் என்பார்கள். நான் அதை உவமையாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளபடியான வருணனை என்றே நம்புகிறேன்.

தலை நிலையாக இருப்பதால் கிடைக்கும் பெரிய ஆதாயம் இன்னொன்று. கண்ணும் உட்செவியும் தலைக்குள் இருக்கின்றன. தலை ஆடினால் அவை தரும் செய்தியும் கலங்கும்; மூளை, ஆடியது உலகமா, உடலா, தலை மட்டுமா என்று பிரித்தறிய வேண்டியிருக்கும். தலையை ஆடாமல் நிலைநிறுத்திவிட்டால் அந்தச் சிக்கலில் பெரும்பகுதி மறைந்து, மற்ற உறுப்புகளின் நிலையைத் தலையை வைத்து அளக்க முடிகிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் மனிதர்கள் எல்லோருமே ஓரளவுக்கு இதைச் செய்கிறோம். கரகாட்டம் இந்த இயல்பான திறனை எடுத்து அதன் எல்லைவரை வளர்க்கிறது. மண்டையோட்டின் அடியில், பிடரிக்கு மேலே உள்ள சிறு தசைகளில் நீட்சி உணரிகள் மிகச் செறிவாக அமைந்திருப்பதும் இதற்கு உதவுகிறது. உட்செவியும் கண்ணும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்தவை என்பதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசியை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை இட வலமாக வேகமாக ஆட்டியபடி இந்த வரியைப் படியுங்கள், படிக்க முடியும். பிறகு தலையை அசைக்காமல் கைப்பேசியை அதே வேகத்தில் ஆட்டிப் பாருங்கள், எழுத்துகள் கலைந்துவிடும். முதல் முறை உட்செவி கொடுத்த செய்தியால் கண்கள் பத்து மில்லிநொடி அளவிலேயே எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டன. இரண்டாம் முறை அந்த உதவி இல்லை.

புலன் செய்தி வந்து, மூளைக்குப் போய், தசைக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். கணுக்கால் தசையின் திருத்தம் உருவாக ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி ஆகிறது. வேகமான ஆட்டத்தில் இந்தத் தாமதமே கரகத்தைத் தள்ளிவிடப் போதும். எனவே திருத்துவதைவிட முன்கூட்டியே தயாராவதுதான் பெரிய வேலை. கையை விருட்டென்று முன்னால் தூக்கும் எவருக்கும், கைத்தசை இயங்குவதற்குச் சற்று முன்பே முதுகுத் தசையும் தொடைத் தசையும் இயங்கிவிடுகின்றன. கை எழுந்தால் உடல் முன்னால் சாயும் என்பதை நரம்பு மண்டலம் அறிந்து வைத்திருக்கிறது. அடுத்த அடி எப்போது விழும் என்பது திட்டமாகத் தெரிந்தால் இந்த முன்னேற்பாடு துல்லியமாகும். இங்கேதான் நையாண்டி மேளத்தின் தவிலும் பம்பையும் சமநிலையின் பகுதியாகிவிடுகின்றன. தாளம் அடியின் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் உடல் அதற்கு முன்பே தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பழகிய மேளக்காரர் இல்லாமல் ஆடுவதற்குக் கலைஞர்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். எதிர்பாராத இடத்தில் விழும் ஓர் அடி, சிறு தள்ளல் அளவுக்கே ஆபத்தானது.

சுழற்சியைத் தனியாகப் பேச வேண்டும். பாலே ஆடுபவர்கள் சுழலும்போது ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்தி, உடல் திரும்பிய பிறகு தலையை வெடுக்கென்று திருப்பி மீண்டும் அதே புள்ளியைப் பிடிப்பார்கள். கரகத்தோடு அதைச் செய்வது மிகவும் ஆபத்து. தலை வெடுக்கென்று திரும்பினால் செம்பு உடனே கூடத் திரும்பாமல் தலையில் வழுக்கும். ஆகவே தலையும் உடலும் ஒன்றாகவே சுழல வேண்டும். சுழன்று ஆடி வழிபடும் துருக்கியின் மெவ்லவி சூஃபிகளின் சுழற்சியும் இப்படிப்பட்டதே. ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் அரைவட்டக் குழல்களின் செய்தி சில நொடிகளில் தேய்ந்துவிடும். நிற்கும்போது எதிர்ப்பக்கம் சுழல்வதுபோன்ற பொய்ச் செய்தி எழும். நமக்குத் தலை கிறுகிறுப்பது அப்போதுதான். தேர்ந்த கலைஞர் சுழற்சியை ஒரேயடியாக நிறுத்துவதில்லை. வட்டத்தை அகட்டி, வேகத்தைத் தணித்து, பக்க அடிகளில் கரைத்துவிடுகிறார். பயிற்சியால் மூளையே மாறுகிறது என்பதற்கும் சான்று உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 29 பாலே பெண் கலைஞர்களையும் 20 படகோட்டும் பெண்களையும் இருட்டறையில் நாற்காலியில் சுழற்றிச் சோதித்து, முடிவை 2013இல் வெளியிட்டார்கள். சுழற்சி நின்ற பிறகு தலைசுற்றும் உணர்வு நடனக் கலைஞர்களுக்குக் குறைந்த நேரமே நீடித்தது; உட்செவியின் செய்தியைக் கையாளும் சிறுமூளைப் பகுதியிலும் வேறுபாடு தெரிந்தது. பிறவியா பயிற்சியா என்ற கேள்விக்கு இந்த ஒரே ஆய்வு முடிவான பதில் ஆகாது என்றாலும், ஆண்டுக்கணக்கான பயிற்சி நரம்பு மண்டலத்தில் தடம் பதிக்கிறது என்பதை நம்பத் தக்க காரணம் அது.

கரகத்தோடு தாம்பாளத்தின் விளிம்பில் நிற்பது, ஏணியில் ஏறுவது போன்ற சாகசங்களை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாம்பாளத்தின் விளிம்பு உள்ளங்காலின் குறுகிய கோட்டில் மட்டும் படுவதால் கணுக்காலால் சமன்செய்யும் வழி ஏறத்தாழ அடைபட்டுவிடுகிறது. எல்லாத் திருத்தமும் இடுப்பிலிருந்தும் கைகளிலிருந்தும் வர வேண்டும், அதே வேளையில் தலை மட்டும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ராஜஸ்தானின் பவாய் ஆட்டத்தில் பல குடங்களை அடுக்கித் தலையில் ஏந்திக்கொண்டு தட்டின் விளிம்பிலும் கண்ணாடித் துண்டுகளின் மேலும் ஆடும் பெண்கள் சந்திப்பதும் இதே சிக்கல்தான். நம் தஞ்சைப் பகுதியின் பொய்க்கால் குதிரையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள்: மரக்கால் கட்டியவருக்கு உள்ளங்கால் தரையை உணர்வதே இல்லை, கணுக்காலும் பயன்படாது. அவர் ஓரிடத்தில் அசையாமல் நிற்க முடியாது. அடி மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அவருடைய சமநிலை. சிலப்பதிகாரம் சொல்லும் பதினோர் ஆடல்களில் குடமும் மரக்காலும் அடுத்தடுத்தாக இல்லாவிட்டாலும் ஒரே வரிசையில் இருப்பது எனக்கு வியப்பளிக்கும் செய்தி. மாயோன் ஆடிய குடக்கூத்தே இன்றைய கரகாட்டம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உடல் சமநிலையைக் கலையாகக் காட்டும் விருப்பம் இங்கே பழையது என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாவது கேள்வி: இவர்களுடைய சமநிலை எல்லா வகையிலும் மேலானதா? இல்லை என்பதே நேர்மையான பதில். சமநிலை என்பது உடலில் ஓரிடத்தில் சேமித்து வைக்கப்பட்ட ஒற்றைத் திறன் அன்று. எதில் பழகினோமோ அதில்தான் முதன்மையாக வளர்கிறது. நடனக் கலைஞர்களைச் சாதாரணமாகத் தரையில் நிற்க வைத்து அளந்தால் பயிற்சி இல்லாதவர்களோடு வேறுபாடு பெரிதாகத் தெரியாமல் போவதுண்டு. ஒற்றைக் காலிலோ ஆடும் தளத்திலோ நிறுத்தினால்தான் தெரிகிறது. கண்ணைச் சார்ந்திருப்பதிலும் முடிவுகள் ஒரே குரலில் பேசவில்லை. தொழில்முறை நடனக் கலைஞர்கள் கண்ணை நம்புவது குறைவு என்று பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. பாலே கலைஞர்களின் மேன்மை கண் மூடியதும் மறைந்துவிடுகிறது என்று இன்னோர் ஆய்வு கண்டது. கண்ணாடிக்கு முன் நின்று பழகுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கரகாட்டம் கண்ணாடி முன் கற்கப்படுவதில்லை. மண் தரையில், கூட்டத்துக்கு நடுவில், முகத்தில் விளக்கு அடிக்கும் இரவுகளில் ஆடப்படுகிறது. அந்தக் காரணத்தால் உட்செவியையும் உடலுணர்வையும் கரகாட்டக் கலைஞர்கள் கூடுதலாகச் சார்ந்திருக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. நாட்டார் வழக்காற்றியல் துறைகள் பாடலையும் சடங்கையும் ஆவணப்படுத்திய அக்கறையோடு, ஒரு விசைத் தட்டையும் கொடை நடக்கும் ஊருக்கு எடுத்துப் போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தலைச்சுமை பற்றிய ஒரு பழைய ஆய்வை இங்கே பலர் மேற்கோள் காட்டுவார்கள். கென்யாவில் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தங்கள் எடையில் 20 விழுக்காடு வரையான சுமையைத் தலையில் வைத்துக் கூடுதல் ஆற்றல் செலவில்லாமல் நடக்கிறார்கள் என்று 1986இல் வெளியான முடிவு அது. பின்னர் தென்னாப்பிரிக்காவின் கோசா இனப் பெண்களை அளந்தபோது அத்தகைய சிக்கனம் பொதுவாகத் தென்படவில்லை. ஆகவே தலையில் சுமப்பது உடலுக்கு இலகு என்று அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மனிதத் தலையின் எடையே நான்கரை, ஐந்து கிலோ. மூன்று நான்கு கிலோ கரகம் கழுத்தெலும்புகளின் நிலையான சுமையை ஏறத்தாழ முக்கால் பங்கு கூட்டுகிறது. பங்குனி முதல் ஆடி வரையான திருவிழாக் காலத்தில் இரவு முழுவதும் ஆடி, வண்டியில் உட்கார்ந்தபடியே தூங்கி, மறுநாள் அடுத்த ஊரில் ஆடுபவர்களுக்கு அந்தச் சுமை என்ன செய்யும் என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். கழுத்தின் பின்புறத் தசைகள் களைத்தால் வலி வருவதோடு உடல் அலைவும் கூடுகிறது. கணுக்கால் களைத்தாலும் அப்படியே. தடுமாறி விழுந்து மணிக்கட்டு முறிவது விடியற்காலை ஆட்டத்தில் நேர்வதற்கு இதுவே போதிய காரணம். ஆட்டத்துக்கு இடையே கரகத்தை இறக்கி வைத்து ஓய்வெடுக்க நேரம் ஒதுக்குவது விழாக் குழுவினரின் கடமை. அதைக் கலைஞரின் சோம்பலாகப் பேசுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மூன்றாவது கேள்விக்கு நல்ல செய்தி உண்டு. தடுமாறி விழுவதால் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் முதியோரே மிகுதி. துருக்கியில் 65 வயதைக் கடந்த பெண்களுக்கு எட்டு வாரம் அந்நாட்டு நாட்டுப்புற நடனம் கற்பித்தபோதும், கிரேக்கத்தில் முதியோருக்குப் பத்து வாரம் மரபு நடனம் கற்பித்தபோதும் சமநிலை அளவீடுகள் மேம்பட்டன. இரண்டிலும் தலையில் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயன் கொடுத்தவை எடையை ஒரு காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, பக்கவாட்டில் அடி வைப்பது, தாளத்துக்குத் திரும்புவது ஆகியவை. இவையெல்லாம் கும்மியிலும் ஒயிலாட்டத்திலும் ஏராளமாக இருக்கின்றன. கும்மியில் குனிந்து கைதட்டி நிமிரும் அசைவு ஒன்றே, முன்பு சொன்ன முன்னேற்பாட்டுத் திறனுக்கு மிகச் சிறந்த பயிற்சி. எனவே முதியோர் இல்லத்திலோ குடியிருப்பிலோ தொடங்க நினைப்பவர்கள் கரகத்தை விட்டுவிட்டு அடவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்கள் ஒவ்வொருவருக்கும் அருகில் ஒரு நாற்காலி இருக்கட்டும். அதைப் பிடிக்க வேண்டியதில்லை, விரல் நுனியால் தொட்டுக்கொண்டாலே அலைவு குறையும். கால் மரத்துப்போகும் சர்க்கரை நோயாளிகளுக்கு உடலுணர்வு குறைந்திருக்கும் என்பதால் வெளிச்சம் குறைந்த கூடத்தில் ஆட வைக்க வேண்டாம். வெறுங்காலில் ஆடுவது உள்ளங்காலுக்கு நல்ல செய்தி தரும். ஆனால் புண் இருந்தும் உணராத சர்க்கரை நோயாளிக்கு அது பொருந்தாது.

கரகத்தோடு கற்க விரும்பும் இளைஞர்களுக்கு: முதலில் வெறும் செம்பு, ஒரே இடத்தில் முழங்காலை மடக்கி நிமிர்த்துவது, பிறகு நடை, பக்க அடி, மெதுவான சுழற்சி, இவையெல்லாம் நிலைத்த பிறகே அரிசி, அதையும் பிடிப்பிடியாகக் கூட்டுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் தலையில் எடை ஏற்றவே வேண்டாம். ஆடிக்கொண்டிருக்கும் கலைஞராக இருந்தாலும், கை விரல்களில் மரமரப்பு, கழுத்தைத் திருப்பும்போது தலைச்சுற்றல், நடையில் புதிதாக ஒரு தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் அன்றைக்கே கரகத்தை இறக்கிவிட்டு மருத்துவரிடம் கழுத்தைக் காட்டுங்கள். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.